பாஸ் மீனுக்குச் சொந்தமாகக் கோல் கட்ட எந்த பிளாங்க் வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். டாலஸ் பக்கம் குடியிருக்கும் ஒருவர், லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் பிடிக்கத் தன் கையாலேயே ஒரு காஸ்டிங் தூண்டில் கோல் (ரீல் மேல்பக்கம் உட்காரும் வகை) கட்டப் போகிறார். இதுதான் முதல் கோல். 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்று மூன்று நிறுவனங்களின் பிளாங்க்குகளை, அதாவது கைப்பிடியும் நூல் வளையங்களும் கட்டாத வெறும் கோல் தண்டுகளை, பார்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் ஐஎம்6 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஐஎம்8, மூன்றாவதில் 40 டன் கார்பன். விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. "இதில் எந்தக் கார்பன் நல்லது? எல்லா லூருக்கும் இந்த ஒரே கோல் போதுமா?" என்று கேட்டிருக்கிறார். லூர் என்பது மீனை ஏமாற்றும் செயற்கை இரை.

கேட்டது கார்பனைப் பற்றி. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. மூன்றிலும் ஒரே நீளம், ஒரே பவர் (வளைக்கத் தேவையான பாரம்), ஒரே ஆக்‌ஷன் (வளையும் இடம்) என்று எழுதியிருக்கும்போது விலை மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது, எதை வைத்துத்தான் ஒப்பிடுவது என்பதே உங்கள் குழப்பம். அதற்கே பதில் சொல்கிறேன். நான் டெக்சஸில் பல வருடமாகக் கோல் கட்டுகிறேன். முதலில் எனக்கும் நண்பர்களுக்கும், அப்புறம் காசுக்கும். பெரும்பாலும் பாஸ் மீனுக்கான காஸ்டிங் கோல்கள்தான். கடல் மீனுக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கும் கட்டுகிறவர்களின் கணக்கு வேறு, அதில் நான் தலையிடவில்லை.

நேரடியான பதில் இதுதான்: கார்பனின் பெயரைக் கடைசியில் பாருங்கள். எந்த லூரை வீசப் போகிறீர்கள், அதன் மொத்த எடை என்ன, அதில் இருப்பது ஒற்றை முள்ளா மும்முனை முள்ளா, எந்த மாதிரி இடத்திலிருந்து மீனை இழுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பவரும் ஆக்‌ஷனும் நீளமும் தாமாகவே வந்துவிடும். அதற்குப் பொருந்துகிற இரண்டு மூன்று பிளாங்க் கையில் நிற்கும்போதுதான் கார்பன் எது என்ற கேள்விக்கு அர்த்தமே வருகிறது.

ஏன் அப்படி என்று புரிய, பிளாங்க் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பிசின் ஊறிய கார்பன் துணியை ஒரு வடிவத்தில் வெட்டி, நுனி நோக்கிச் சிறுத்துப் போகும் இரும்புத் தண்டின் மேல் சுருட்டுகிறார்கள். மேலே பிளாஸ்டிக் நாடாவை இறுக்கமாகச் சுற்றி அடுப்பில் வேக வைக்கிறார்கள். ஆறியதும் தண்டை உருவிவிட்டு, நாடாவைப் பிரித்தால் உள்ளே கூடான கோல் கிடைக்கும். சில பிளாங்க்கின் மேல் மெல்லிய வளைய வரிகள் தெரியும், அது நாடா பதிந்த தடம்தான். தேய்த்துப் பளபளப்பாக்காமல் விட்டிருக்கிறார்கள், குறை ஒன்றும் இல்லை. ஆக, கோலின் குணத்தைத் தீர்மானிப்பவை நான்கைந்து இருக்கின்றன: தண்டு எவ்வளவு வேகமாகச் சிறுக்கிறது, துணியை எந்த வடிவத்தில் வெட்டினார்கள், எத்தனை சுற்று, எவ்வளவு பிசின், குறுக்கே நெரிந்துவிடாமல் தாங்க உள்ளே வைக்கும் மெல்லிய வலை. கார்பன் இழையின் வகை இவற்றோடு சேரும் இன்னொன்று மட்டுமே.

அந்த இழையின் விறைப்பைத்தான் மாடுலஸ் என்கிறார்கள். இதில் ஐயத்துக்கு இடமில்லாத எண்கள் உண்டு. சாதாரண ஃபைபர் கிளாஸ் இழை ஏறத்தாழ 10 மில்லியன் பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). அடிப்படைக் கார்பன் இழை 33 அல்லது 34. அதற்கு அடுத்த படி 40 முதல் 44 வரை. உயர் மாடுலஸ் என்பது 55க்கும் மேல். ஜப்பானிய நிறுவனங்கள் இதையே டன்னில் சொல்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்பது கணக்கு. டன் எண்ணை 1.42ஆல் பெருக்கினால் மில்லியன் பிஎஸ்ஐ வந்துவிடும். 24 டன் என்றால் 34. 30 டன் என்றால் 43. நீங்கள் பார்த்த 40 டன் என்றால் 57. ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பவை தரக் குறியீடுகள் அல்ல. ஹெக்செல் நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள் அவை. தூண்டில் உலகத்தில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஒரு பிளாங்க்கில் ஐஎம்8 என்று எழுதியிருந்தால் அது இடைப்பட்ட மாடுலஸ் என்று சொல்ல வருகிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நம்ப அதில் எதுவும் இல்லை. கோல் முழுவதும் அந்த ஒரே இழைதானா, அல்லது பேருக்கு ஒரு சுற்றா என்றும் அந்த எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், மாடுலஸ் கூடினால் கோல் விறைப்பாகிவிடும் என்பது பாதி உண்மைதான். ஒரு குழாயின் விறைப்பு அதன் பொருளை மட்டும் சார்ந்ததல்ல, குறுக்களவையும் சார்ந்தது. மெல்லிய சுவருள்ள குழாயில் சுவரின் தடிமன் மாறாமல் குறுக்களவை மட்டும் இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிறது. ஆகவே 33 மில்லியன் இழையில் எக்ஸ்ட்ரா ஹெவி கோலும் செய்யலாம், 57 மில்லியன் இழையில் அல்ட்ரா லைட்டும் செய்யலாம். உயர் மாடுலஸ் தருகிற உண்மையான லாபம் எடை. அதே விறைப்பைக் குறைந்த கார்பனில் எட்டிவிடுவதால் கோல் இலேசாகிறது, வளைந்தால் சட்டென்று நிமிர்கிறது, தண்ணீருக்கடியில் ஈயக்குண்டு கல்லைத் தொடுவதும் மீன் மெதுவாக வாயில் வைப்பதும் கைக்கு இன்னும் தெளிவாக வருகிறது. இது கற்பனை இல்லை, கையில் பிடித்தாலே தெரியும்.

அதற்குக் கொடுக்கும் விலை டாலரில் மட்டும் இல்லை. டோரே நிறுவனத்தின் டி700 என்ற அடிப்படை இழை உடைவதற்கு முன் சுமார் 2.1 சதவீதம் நீளும்; அதே நிறுவனத்தின் எம்40ஜே என்ற உயர் மாடுலஸ் இழை 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். கிளாஸ் இழை 4 சதவீதத்துக்கும் மேல் தாங்கும். இத்தோடு சுவரும் மெல்லியதாகிவிடுகிறது. மீனை இழுப்பதில் நல்ல கோல் உடைவது குறைவு. படகின் விளிம்பில் இடிப்பது, வீசும்போது ஈயக்குண்டு வந்து கோலில் படுவது, காரின் கதவு, காலடியில் கிடந்து மிதிபடுவது, இவற்றில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒருநாள் பெரிய மீன் இழுக்கும்போது பிளந்துகொள்கிறது. "மீன்தான் உடைத்தது" என்று சொல்லி என்னிடம் கொண்டு வருகிற கோல்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே அடி வாங்கியவை. லேக் ஃபோர்க் 1980இல் நீர் தேக்கிய ஏரி. மரங்களை அப்படியே விட்டுத் தண்ணீர் நிரப்பியதால் எங்கு பார்த்தாலும் மொட்டை மரங்கள் நிற்கின்றன. படகில் நுழைந்து நுழைந்து போக வேண்டிய அந்த இடத்தில், முதல் கோல் கட்டுகிறவருக்கு 40 டன் பிளாங்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிடைக்கும் நுட்பத்தை விடப் போகும் நிம்மதி அதிகம்.

சரி, பவருக்கு வருவோம். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது: நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி வரை இறங்கினால் மாடரேட், அடி வரை வளைந்தால் ஸ்லோ. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அனுபவசாலிகளிலும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் எம் சைஸ் சட்டை இன்னொரு கடையில் எல் ஆவது போலத்தான். ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொரு நிறுவனத்தின் ஹெவியை விட விறைப்பாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு நடுவிலேயே இந்த வித்தியாசம் உண்டு.

இதை அளப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. வில்லியம் ஹேனமன் என்பவர் ரோட்மேக்கர் பத்திரிகையில் எழுதிய காமன் சென்ட்ஸ் முறை. 1982க்குப் பிறகு அடித்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் துத்தநாகத்தால் ஆனது, எடை 2.5 கிராம். நீங்கள் செய்ய வேண்டியது இது: பிளாங்க்கின் அடிப்பகுதியை மேசையோடு சேர்த்துத் தரைக்கு இணையாகக் கவ்வி நிறுத்துங்கள். நுனியில் ஒரு பேப்பர் கிளிப்பை டேப் போட்டு ஒட்டி, அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுங்கள். 7 அடி என்றால் 84 அங்குலம், அதில் மூன்றில் ஒரு பங்கு 28 அங்குலம். நுனி நின்ற உயரத்திலிருந்து 28 அங்குலம் கீழே சுவரில் ஒரு கோடு போடுங்கள். இப்போது பைக்குள் நாணயங்களைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஏனென்றால் பை ஆடிக்கொண்டே இருக்கும், ஆட்டம் அடங்கும் வரை பொறுக்க வேண்டும். நுனி கோட்டைத் தொட்டதும் நிறுத்தி எண்ணுங்கள். அந்த எண்தான் அந்தக் கோலின் உண்மையான பவர். பேச்சுக்கு, ஒரு மீடியம் ஹெவிக்கு 200 நாணயமும் இன்னொரு மீடியம் ஹெவிக்கு 260 நாணயமும் ஆனால், இரண்டாவது முப்பது சதவீதம் அதிக பலம். எழுத்தில் இரண்டும் ஒன்று.

அதே நிலையில் நுனி தரையை நோக்கி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆக்‌ஷனும் எண்ணாகிவிடும். நுனியோடு ஒரு குடிக்கும் ஸ்ட்ராவை ஒட்டி வைத்துக் கோணமானியில் பார்த்தால் போதும். ஹேனமன் வகுத்தபடி 66 டிகிரியைத் தாண்டினால் ஃபாஸ்ட். அந்த எல்லைகளை அவர் ஃப்ளை கோல்களை மனதில் வைத்து வகுத்தார். பாஸ் கோல்களில் பெரும்பாலானவை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால் பெயரை விட்டுவிட்டு டிகிரியை மட்டும் ஒப்பிடுங்கள். நீளம் ஒன்றாக உள்ள கோல்களை ஒப்பிடுவதே நியாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்பே எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு கோல் இருக்கும், அது கொஞ்சம் விறைப்பு என்றோ கொஞ்சம் தொளதொளப்பு என்றோ ஒரு எண்ணமும் இருக்கும். அதை இன்றே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாங்க் விற்பவர்களில் சிலர் இந்த எண்களைக் கொடுக்கிறார்கள், கொடுக்காதவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டால் சிலர் அளந்தும் சொல்வார்கள். "நான் வைத்திருப்பது இத்தனை நாணயம், அதை விடச் சற்றுக் கூடுதல் வேண்டும்" என்று கேட்பவருக்கும் "நல்ல மீடியம் ஹெவி ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும். கடையில் கோலை எடுத்து உதறிப் பார்ப்பார்களே, அதில் தெரிவது நுனியின் எடை மட்டும். பவரை அது காட்டாது.

எண் கிடைக்காவிட்டால் அடுத்து நம்பத் தகுந்தது லூர் எடை வரம்பு. இங்கே ஒரு கணக்குத் தவறு அடிக்கடி நடக்கிறது. டெக்சஸ் ரிக் (முன்னால் ஈயக்குண்டு, பின்னால் முள்முனையை மறைத்த ரப்பர் புழு) போடுகிறவர் "என் குண்டு 3/8 அவுன்ஸ்" என்பார். குண்டு மட்டுமா பறக்கிறது? சென்கோ என்ற 5 அங்குல ரப்பர் புழு ஒன்றே ஒன்பது, பத்து கிராம் வரும். முள்ளையும் சேர்த்தால் முக்கால் அவுன்ஸை நெருங்கிவிடுகிறது. 1/4 முதல் 5/8 என்று எழுதிய கோலில் அதை வீசினால் கோல் பாரத்தில் தடுமாறும். ஜிக்கில் (ஈயத் தலையோடு சேர்ந்த முள்) பின்னால் கோர்க்கும் டிரெய்லர் என்ற ரப்பர் துண்டும் இப்படித்தான். உங்கள் பெட்டியில் இருப்பதை ஒரு சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி வீசப் போகும் எடை பிளாங்க்கின் வரம்பில் நடுவிலிருந்து சற்று மேலே விழ வேண்டும். ஓரத்தில் விழக் கூடாது.

நூல் வரம்பை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 12 முதல் 20 பவுண்டு என்று எழுதிய கோலில் 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) போட்டு எல்லாரும் மீன் பிடிக்கிறார்கள். கோலின் மீது வரும் பாரத்தைத் தீர்மானிப்பது நூல் எத்தனை பவுண்டில் அறும் என்பதல்ல, ரீலின் டிராக், அதாவது மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக், எத்தனை பவுண்டில் வழுக்கும் என்பதே. டிராக்கை அடியோடு பூட்டிவிட்டு பிரெய்டு கட்டி மரத்தில் சிக்கிய முள்ளைக் கோலாலேயே இழுத்தால் எந்த பிளாங்க்கும் தாங்காது. சிக்கினால் கோலை நூலின் திசைக்கு நீட்டி, ரீலின் ஸ்பூலைக் கையால் பிடித்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

இனி முள். ஒரே கோல் எல்லா லூருக்கும் போதுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. டெக்சஸ் ரிக்கிலும் ஜிக்கிலும் தடித்த ஒற்றை முள். அது முதலில் ரப்பர் புழுவைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அப்புறம் மீனின் தாடையில் ஏற வேண்டும். அதற்குக் கோலின் அடிப்பகுதியின் பலம் சட்டென்று வரும் ஃபாஸ்ட் கோல் வேண்டும். கிராங்க்பைட்டில் (இழுத்தால் ஆடிக்கொண்டே வரும் மீன் வடிவ லூர்) இரண்டு மெல்லிய மும்முனை முட்கள். அவை லேசாகத்தான் தைக்கும், பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது விறைப்பான கோல் இருந்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பாதி வரை வளைந்து கொடுக்கும் மாடரேட் கோல் அந்த உதறலை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கிராங்க்பைட்டுக்கு இன்றும் ஃபைபர் கிளாஸும், கிளாஸும் கார்பனும் கலந்த பிளாங்க்கும் விற்பனையாகின்றன. இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கிளாஸ் கோல் மெதுவாக எதிர்வினை செய்வதால் மீன் லூரை இன்னும் ஆழமாக விழுங்குகிறது என்றும் சொல்வார்கள். அது நம்பும்படி இருக்கிறது, என் அனுபவமும் ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் நிரூபணமானது என்று சொல்ல மாட்டேன். வளைந்து கொடுப்பதால் முள் கழலாமல் இருப்பது ஒன்றே அதை வாங்கப் போதுமான காரணம்.

ஆகவே ஒரே கோல் எல்லாவற்றுக்கும் போதாது. ஆனால் உங்கள் 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பல வேலைகளுக்குப் போதும்: டெக்சஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பைட், சாட்டர்பைட், சிறிய தவளை. அவசரத்துக்கு அதிலேயே கிராங்க்பைட்டும் வீசலாம், நன்றாக நீளும் மோனோ நூலை (ஒற்றை இழை நைலான்) போட்டு டிராக்கைத் தளர்த்திக்கொண்டால். டிராப் ஷாட், நெட் ரிக் போன்ற மெல்லிய வேலைகளுக்கு இது ஆகாது; அதற்கு ஸ்பின்னிங் கோல் தனியாக வேண்டும்.

நீளத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நீளம் கூடினால் தூரம் வீசலாம், தளர்ந்த நூலை ஒரே இழுப்பில் அள்ளலாம். குறைந்தால் மரங்களுக்கு நடுவே குறி தவறாமல் வீசலாம். 1970களில் கலிஃபோர்னியாவில் டீ தாமஸ் பன்னிரண்டு அடிக் கோலால் கோரைப் புல்லுக்குள் லூரை இறக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆட்சேபித்து நீளத்துக்கு வரம்பு வந்ததும் ஏழரை அடிக்கு இறங்கினார். ஃப்ளிப்பிங் பிறந்தது அப்படித்தான். ஃபோர்க் மரங்களுக்குள் அந்த வேலையைத் தினமும் செய்யப் போகிறீர்கள் என்றால் ஏழரை அடி ஹெவி வாங்குங்கள். இல்லையென்றால் 7 அடி போதும். உயரம் குறைந்தவராக இருந்தாலோ கயாக்கில் போனாலோ கைப்பிடியைக் குட்டையாகக் கட்டுங்கள், அது உங்கள் கையில்தானே இருக்கிறது.

பிளாங்க்கை வெட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அடியில் இரண்டு அங்குலம் வெட்டினால் குணம் பெரிதாக மாறாது, ஏனென்றால் கைப்பிடிக்குள் போகும் அந்தப் பகுதி எப்படியும் அதிகம் வளைவதில்லை. நுனியில் வெட்டுவது வேறு கதை. இரண்டு அங்குலம் போனாலே பவர் ஏறி, ஆக்‌ஷன் மந்தமாகிவிடும், லூர் வரம்பும் மேலே நகரும். முதல் கோலில் நுனியைத் தொடாதீர்கள்.

ஸ்பைன் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். துணியைச் சுருட்டும்போது ஓரம் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் கோல் சற்று விறைப்பாகிறது. பிளாங்க்கை வளைத்து உருட்டினால் ஒரு பக்கமாகத் துள்ளித் திரும்பும். இது இருப்பது நிச்சயம். கைடுகளை (நூல் ஓடும் வளையங்களை) அந்தக் கோட்டில்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது கோல் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய பாடம். இதைத்தான் நான் ஏற்கவில்லை. காஸ்டிங் கோலில் கைடுகள் மேலே இருக்கின்றன, நூல் கோலுக்கு மேலே ஓடுகிறது, பாரம் வந்தால் அது கீழே வரத்தான் பார்க்கும். ஸ்பைனை எங்கே வைத்தாலும் இந்த முறுக்கு போகாது. அது உங்களுக்கு உறுத்தலாக இருந்தால் கைடுகளைப் படிப்படியாகக் கீழே கொண்டுபோகும் ஸ்பைரல் முறையில் கட்டுங்கள். நான் செய்வது: பிளாங்க்கை ஒரு கண் மூடிப் பார்த்து, உருட்டி, எந்த நிலையில் நேராகத் தெரிகிறதோ அந்தக் கோட்டில் கட்டிவிடுவேன். இருபது வருடமாக ஸ்பைன் பார்த்துக் கட்டுகிறவர்களும் அருமையான கோல் கட்டுகிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை.

விலையுயர்ந்த பிளாங்க் வாங்கி அதன் லாபத்தைக் கைடிலேயே தொலைக்கிறவர்கள் நிறையப் பேர். நுனிப் பக்கம் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் கோல் நிமிரும் வேகத்தைக் குறைக்கிறது. பெரிய வளையம், கனத்த சட்டம், அதன்மேல் தாராளமாக எபாக்ஸி என்று போட்டால் 40 டன் பிளாங்க் 30 டன் போலத்தான் கையில் தெரியும். மாறாக, சாதாரணப் பிளாங்க்கில் நுனிப் பக்கம் சிறிய இலேசான கைடுகளை அளவாக நூல் சுற்றி, எபாக்ஸியை மெல்லியதாக விட்டால் கடையில் தொங்கும் பல கோல்களை விட நன்றாக வரும். பட்ஜெட் ஒரே தொகை என்றால் பிளாங்க்கில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் காசைக் கைடில் போடுங்கள்.

எதை வாங்கலாம் என்று சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள். விஸ்கான்சினின் செயின்ட் குரோய், வாஷிங்டன் மாநிலத்தில் பாட்சன் விற்கும் ரெயின்ஷேடோ, ஃபுளோரிடாவின் மட்ஹோல் விற்கும் எம்எச்எக்ஸ், கேரி லூமிஸ் தொடங்கிய நார்த் ஃபோர்க் காம்போசிட்ஸ், இந்த நான்கிலும் பாஸ் மீனுக்கென்றே வரிசைகள் உண்டு. நான்கிலும் கட்டியிருக்கிறேன், எதிலும் கை சுடவில்லை. உங்களுக்கு என் தேர்வு: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் வரம்பு 3/8 முதல் 1 அவுன்ஸ் வரை, நடுத்தர மாடுலஸ், ஒரே துண்டு, மேலே சொன்ன ஏதாவது ஒரு நிறுவனத்தின் நடு வரிசை. உங்கள் மூன்றில் ஐஎம்8 என்று எழுதியது லூர் வரம்பில் பொருந்தினால் அதுவே போதும். ஐஎம்6 பிளாங்க் வரம்பில் இன்னும் நன்றாகப் பொருந்தினால், தயங்காமல் அதை எடுங்கள். அந்த ஏரியில் 1992இல் பிடிபட்ட 18.18 பவுண்டு மீன்தான் டெக்சஸ் மாநிலச் சாதனை. அந்தக் காலத்துக் கோல்களோடு ஒப்பிட்டால் இன்றைய மலிவு பிளாங்க்கே பெரிய முன்னேற்றம். காசு மிச்சமாகும் என்று கட்ட வந்திருந்தால் மட்டும் ஏமாற்றம்தான். கைடு, ரீல் சீட், கார்க், நூல், எபாக்ஸி எல்லாம் சேர்த்தால் அதே தரத்துக் கடைக் கோலின் விலையைத் தொட்டுவிடும். உத்தரவாதத்தையும் படித்துப் பாருங்கள். உடைந்தால் புது பிளாங்க் தருவார்கள், நீங்கள் கட்டிய கைடுக்கும் உழைப்புக்கும் யாரும் பொறுப்பில்லை.

ஆர்டர் போடும்போது கைடு, ரீல் சீட் எல்லாவற்றையும் ஒரே பார்சலில் வரவழையுங்கள், ஏனென்றால் 7 அடிக் குழாய்க்கு நீளத்துக்கென்று தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள், அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். பிளாங்க்கின் நுனி அளவை ஒரு அங்குலத்தின் 64இல் இத்தனை பங்கு என்று போட்டிருப்பார்கள், நுனியில் ஒட்டும் டிப் டாப் கைடும் அதே கணக்கில்தான் வரும். 5 என்று போட்டிருந்தால் 5ஐயும் 5.5ஐயும் சேர்த்தே வாங்குங்கள், மேல்பூச்சின் தடிமனால் சில சமயம் சொன்ன அளவு உள்ளே போகாது. ஒட்டுவதற்கு எபாக்ஸி வேண்டாம். சூடாக்கி ஒட்டும் பசையில் ஒட்டினால், நாளைக்கு அது உடைந்தாலும் லைட்டரைக் காட்டிக் கழற்றிவிடலாம்.